நாலாவது ஹோஸும் சேரல

டொக்... டொக்... டொக்...

கேக்குதா தம்பி? நின்னு கேளுங்க. கொழாய் இல்ல, கொழாயா இருந்தா வாஷரப் போட்டு முடிச்சிருப்பேனே! இப்படி வாங்க, மூங்கிலத் தாண்டி... பாத்து! நேத்தே கொண்டாந்து எறக்கிட்டானுங்க, பெங்காலிங்க துர்கா பூஜைப் பந்தலுக்கு. ஆங், குனிஞ்சு பாருங்க. காருக்கு அடியில பிஸ்கட் டப்பா. அதுல செவப்பா சொட்டுதே, ஸ்டியரிங் ஆயில்.

நீங்கதான மாடிக்குப் புதுசா வந்தவரு? அஷ்வத்தா? போர்ட் ஆபீஸா? சந்தோஷம். நான் ஏழுமலை. லேக் மார்க்கெட் இட்லிக்கடைங்களுக்கு ராத்திரி பூரா மாவாட்டறவன். இது எனக்குத் தூங்கற நேரம். எங்க தூங்கறது? சாயங்காலம் அஞ்சு மணி கெடு! அதுக்குள்ள என் காண்டஸா காரு நகரலேன்னா, பூஜா கமிட்டி மண்டல் பாபு கிரேன் வெச்சுத் தூக்கி எடைக்குப் போட்டுடுவாராம். வண்டி நிக்கற எடத்துலதான் துர்கா வந்து ஒக்காரணுமாம். "ஏழுமலை பாபு, அம்மாவுக்கு எடம் வேணாமா?"ங்கறாரு. வேணாம்னா சொன்னேன்? டாலிகஞ்சுல மச்சான் ஷெட்டு காலியாத்தான் கெடக்கு. அதுவரைக்கும் ஓடணுமே! என் வீட்டுக்காரி கமலம் இருக்காளே, கிரேன்காரனுக்கு டீயே போட்டு வெச்சுட்டா.

எல்லாம் ஒரு ஹோஸால தம்பி. முழ நீளம். பம்புலேர்ந்து ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஆயில அழுத்தித் தள்ளற கொழாய். வெடிச்சு மூணு வாரம் ஆச்சு. அது இல்லாம ஸ்டியரிங்கத் திருப்பறது, மாவோட இருக்கற ஆட்டுக்கல்லத் திருப்பற மாதிரி. எனக்குத் தெரியும். அப்படியும் ஓட்டிடலாம்னா, ஆயில் இல்லாம பம்பு வெந்துடும்.

பழசா? அத கமலம் பழைய பேப்பரோட சேத்துப் போட்டுட்டா.

வண்டி சாமான் விக்கற மல்லிக் பஜாருக்கு நாலு நடை! மொதல் ஹோஸுக்கு பாக்ஸ் பக்கம் நட்டு பெருசு. ரெண்டாவதுக்குச் சிறுசு. மூணாவது நீளம் பத்தல, இழுத்து மாட்டப் போயி கிழிஞ்சுது. அத வெச்சுதான் கமலம் பூனைய வெரட்டறா. நாலாவது இதோ, மாட்டிருக்கு. ஆயில ஊத்தினேன். நேரா டப்பாவுக்குப் போவுது.

கடையில ஒரு பொண்ணு, ஷபானா. போனதுமே, "சாச்சா, பாக்ஸ்ல ஒரு தகடு அடிச்சிருக்கும், அந்த நம்பரக் கொண்டாங்க"ங்கறா. நாலு தடவையும் அதே! கோவம் வருமா வராதா? பன்னெண்டு வருஷமா என் கையால பாத்துக்கற வண்டி. தகடாவது நம்பராவது! "காண்டஸான்னா காண்டஸா ஹோஸக் குடும்மா"ன்னேன். குடுத்தா. சிரிச்சுக்கிட்டே குடுத்தா.

டார்ச்சப் பிடிங்க. இதான் பாக்ஸ். எங்கயாவது தகடு இருக்கா? பொட்டுதான் இருக்கு. போன வாரம் விஸ்வகர்மா பூஜைக்கு வெச்சது, இந்த ஊரு வழக்கம். ஆயுத பூஜைக்கு ஒண்ணு, அது நம்ம வழக்கம். ரெண்டையும் விடறதில்ல. பழசத் தொடைக்கவும் மாட்டேன், சாமி பொட்டாச்சே, அது மேலயே சந்தனம், அது மேலயே குங்குமம். தடிமனப் பாருங்க, அடை மாதிரி! பாக்ஸ் பூரா மேடும் பள்ளமுமா, அந்த ஒரு எடம்தான் பொட்டு வெக்கத் தோதா, சதுரமா, வழுவழுன்னு...

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

ஐயையோ, சாவிய வெச்சு சுரண்டாதீங்க, சாமி குத்தம்... என்னது மினுக்குது?

ரிவெட்டு. நாலு மூலையிலயும் ரிவெட்டு.

அட மாரியாத்தா!

இருங்க, நானே தொடைக்கறேன். நம்பர் தெரியுதா? போட்டோ எடுங்க. இந்தாங்க என் போன், ஷபானான்னு இருக்கும், அனுப்புங்க... அதுக்குள்ளயா? பேசியே அனுப்பிட்டாளா? போடுங்க, போடுங்க.

கேட்டீங்களா! காண்டஸா பாக்ஸே இல்லியாம். எனக்கு வித்தவன் ஏதோ ஜீப்பு பாக்ஸத் தூக்கி வெச்சிருக்கான். அதுக்கான ஹோஸ் கடையில அவ ஒக்கார்ற எடத்துக்கு மேலயே தொங்குதாம், பதினொண்ணுக்குக் கடை தெறக்குமாம். கடைசில ஒரு சிரிப்பு... வேணாம், இன்னொரு தடவ போடாதீங்க.

இருபத்து நாலு பொட்டு தம்பி! நானே வெச்சு, நானே மறைச்சு, ஊர்ல இருக்கற ஹோஸையெல்லாம் திட்டிக்கிட்டு... கமலத்துக்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. மாட்ட ஒரு மணி நேரம் போதும். மூணு மணிக்கு எடம் காலி, துர்கா தாராளமா ஒக்காரலாம். அது சரி, வர்ற ஆயுத பூஜைக்குப் பொட்ட எங்க வெக்கறது? பம்பு மேல வெக்கலாமா? அங்கயும் எதாவது எழுதிருப்பானா? நீங்க என்ன சொல்றீங்க...

தம்பி?

போயிட்டாரு. சாவியில சந்தனத்தோடவே போயிட்டாரு.

டொக்... டொக்...

இருடி, இரு. டப்பா நெறஞ்சுடுச்சு. கொட்டிட்டு வந்து வெக்கறேன்.