கிணற்றில் ஒரு சோதனை

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தையல் வேலைக்குப் போகும் பெண்கள் இருவர்.

“நாளைக்கு எங்க ஊட்டுக் கிணத்துல குதிக்கப் போறேங்க்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி, புருசங்கிட்ட சண்டையா?”

“அதில்லக்கா, நாம தைக்கிற கப்பல் மிதவைச் சட்டைய சோதிக்கத்தான். ஜப்பான்காரன், நார்வேக்காரன், நம்மாளுங்க சேர்ந்து எல்லா நாட்டுச் சட்டைக்கும் ஒரே சோதனை வச்சிகீறாங்க. மயங்கினவன் முகம் தண்ணிக்கு மேல திரும்பணுமாம். நேத்து சட்டை மாட்டித் தண்ணில போட்ட மணல் பொம்மை குப்புறக் கவுந்துச்சு. பட்டையை மாத்தித் தச்சிகீறேன். என் தம்பியும் கப்பல்ல கீறான்க்கா.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா கை கால் தானா அடிக்கும். சட்டை காப்பாத்துச்சான்னு எப்படித் தெரியும்?”

வானகரம் வந்தது. இறங்கும்போது மூத்தவள் சொன்னாள்: “நான் வர்ற வரைக்கும் குதிக்காத. கயிறு எடுத்துகினு வரேன்.”