மூணாவது ரவுண்டா ஆறாவது ரவுண்டா

இல்ல மேடம், நான் கோவமால்லாம் இல்ல. என் குரலே இப்படித்தான். வீட்ட வித்து வர்ற காசு அவளுக்குன்னு ஒத்துக்கிட்டேன்ல? காரு, நாயி, கறி சுடற அடுப்பு, எல்லாம் மளமளன்னு முடிஞ்சுதா இல்லையா? இவ்வளவு சுமுகமா பிரியற புருஷன் பொண்டாட்டிய பாத்ததே இல்லன்னு, நாள் பூரா சமரசம் பேசி வைக்கற நீங்களே சொன்னீங்க. அப்புறம் இந்த ஒரு விஷயத்துல மட்டும் என்னய்யா முரண்டுன்னு கேக்கறீங்க. நியாயந்தான்.

பேஸ்பால் டீம்னதும் மிரண்டுட்டீங்க போல. நெஜ டீம் இல்ல மேடம்! நெஜ டீம் வாங்கற வசதி இருந்தா நான் எதுக்கு இந்த டோலிடோ ஊர்ல ரோட்டுப் பனி தள்ற வண்டி ஓட்டிட்டுத் திரியறேன்? இது சும்மா பேருக்கு டீம். கர்ட் க்ரோலின்னு ஒருத்தன், பந்த உருட்டி கட்டைய சாய்க்கற பௌலிங் கிளப் வச்சிருக்கான். அவன் பின்ரூமுல வருஷா வருஷம் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடுவோம். முறை வச்சு ஆளாளுக்கு ஒரு ஆட்டக்காரன் பேரச் சொல்லி எடுத்துக்கணும். ஒருத்தர் எடுத்தவன இன்னொருத்தர் தொடக் கூடாது. எல்லாரும் ஒரு தடவ எடுத்து முடிச்சா அது ஒரு ரவுண்டு. அப்புறம் அவன் நெஜ மைதானத்துல அடிக்கற அடியெல்லாம் நம்ம கணக்குல ஏறும். அவ்வளவுதான். பாத்தீங்களா, புரிஞ்சுடுச்சு.

எங்க டீமு ரெண்டு பேருக்கும் பொது. கல்யாணம் ஆனதுலேர்ந்து. பேரு என் பொண்டாட்டி நடீன் வச்சது. கொஞ்சம் கெட்ட வார்த்தை, உங்க முன்னாடி வேணாம்.

இப்ப தகராறு பூரா ரெமி கெசாடாங்கற ஆட்டக்காரனாலதான். போன வருஷம் பாதி சீசன் வரைக்கும் இவன ஒரு நாயும் சீண்டல. பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிச்சிட்டிருந்த பய. யாருக்கோ முட்டி பெசகிடுச்சுன்னு இவன உள்ள விட்டாங்க. அப்ப ஆரம்பிச்சான் பாருங்க! பந்தெல்லாம் வெளிய கார் நிறுத்தற எடத்துல போய் விழுந்துது மேடம். ஆனா ரெண்டு மாசம் பொளந்தவன் இந்த வருஷமும் பொளப்பானா? அங்கதான் தலைவலி. முந்திக்கிட்டு எடுத்து அவன் சொதப்பினா, கோடை முழுக்க க்ரோலி நம்மள வச்சு செய்வான். கொஞ்சம் அசந்தா வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்.

நடீன் மூணாவது ரவுண்டுலயே எடுங்கறா. மூணாவதுல! அதெல்லாம் வருஷக்கணக்கா நின்னு ஆடினவங்களோட எடம் மேடம். நான் ஆறுங்கறேன். அதுக்கு முன்னாடி எவனும் தொட மாட்டான், தானா நம்ம கைக்கு வருவான், கொஞ்சம் பொறுங்கறேன்.

அட, நான் கெளப்பல. நீங்கதானே அவ உக்காந்திருக்கற பக்கத்து ரூமுலேர்ந்து வந்து சொன்னீங்க? டீமை வெர்லினே, அதான் நானே, வச்சுக்கட்டும், ஆனா கெசாடாவ மூணாவதுல எடுப்பேன்னு எழுதிக் குடுக்கணும்னு. பிரிஞ்சு போறவளுக்கு இது எதுக்குங்கறேன்? ஞாயித்துக்கிழமை டூசானுக்கு வண்டி ஏறப் போறா. அங்க வேல, அங்க வெயிலு, அங்க வீடு. இங்க நான் எவன எந்த ரவுண்டுல எடுத்தா அவளுக்கு என்ன?

சிரிக்காதீங்க.

சரி, அவ சொன்னா பலிக்கும், அத ஒத்துக்கறேன். வருஷா வருஷம் எவனையாவது கை காட்டுவா. நான் இரு இருன்னுவேன். எங்க முறை வர்றதுக்கு ஒரு ஆள் முன்னாடி க்ரோலி டக்குனு அவன் பேரச் சொல்லிடுவான். ஒரு தடவ கோழி விங்ஸ் இருந்த தட்ட அப்படியே தூக்கிட்டுப் போயிட்டா. கார்ல உக்காந்து ஒத்த ஆளா அத்தனையும் தின்னுட்டு, வாயெல்லாம் மசாலாவோட உள்ள வந்து, அடுத்தது யார எடுக்கறோம்னு கேக்கறா! அவதான் நடீன்.

கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதும் அவதான். அதே கிளப்புல, ஆடறதுக்குன்னு அங்க குடுக்கற வாடக ஷூவோட. நான் எங்க கேட்டேன்? கேப்பேன் கேப்பேன்னு பாத்துப் பாத்து அவளுக்கே சலிச்சுப் போச்சாம்.

டூசான் வேல வந்தப்பவும் கேட்டா. போகட்டுமா வெர்லின்னா. உன் இஷ்டம்னேன். வேற என்னத்தச் சொல்ல? நல்ல வேல. குறுக்க நின்னா நாளைக்கு நம்ம தலையிலதான் பழி. ரெண்டு நாள் என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. அப்புறம் வக்கீல்கிட்ட போயிட்டா.

ஆமா, பேச்சு எங்கயோ போவுது. கெசாடா. உங்களுக்கு மூணு மணிக்கு வேற ஆளுங்க இருக்காங்க, தெரியும். மூணாவதுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சு போச்சுங்கறீங்க. இல்ல மேடம், ஆறுதான். ஐஞ்சுக்கு வேணா எறங்கறேன். ஐஞ்சுங்கறேன்னு போய் சொல்லுங்க, அவ நாலும்பா, நீங்க திரும்பி வருவீங்க, நான் கொஞ்சம் யோசிப்பேன்...

எதுக்கு இழுக்கறேனா? முடிஞ்சா கையெழுத்துப் போடுன்னு பேனாவ நீட்டுவீங்கல்ல, அதான்.

எனக்கு இந்த விவாகரத்து வேண்டாம் மேடம்.

இல்ல, அவகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல வாயத் தொறக்கறேன். பனி தள்றவன் டூசான் பாலைவனத்துல என்ன பண்ணுவான்னு கேக்காதீங்க, மண்ணு தள்றேன்.

ஐயோ, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. இத நீங்க கொண்டு போய்ச் சொல்லக் கூடாது. நானே போறேன்.

எந்தக் கதவு மேடம், இடது பக்கமா வலது பக்கமா?