கன்றுகள் நின்ற வயல்

எங்கள் ஊர் நடைபாதை ஐந்து மைல், ஐயா. தேவாலயத்தில் தொடங்கி, எங்கள் குத்தகை மேய்ச்சல் வயல்களைக் கடந்து, பிரபு மாளிகையின் பழைய பூங்காவைச் சுற்றிக்கொண்டு தேவாலயத்துக்கே திரும்பிவிடும். யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது சட்டம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெல்லமி லண்டனிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர். ஞாயிறுதோறும் நாயை அவிழ்த்துவிட்டு நடப்பார். போன மார்ச்சில் அது எங்கள் சினை ஆடுகளை விரட்டியது. என் கணவர் வில்ஃப் அதைத் துரத்திக்கொண்டு மேட்டில் ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வேலியருகே நின்று பார்த்த பெல்லமி, நாய் திரும்பியதும் மிச்ச நடையை முடிக்கக் கிளம்பிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது வில்ஃபின் கை சில்லிட்டிருந்தது.

"ஓய்வெடுக்கிறார்னு நெனச்சேன்" என்றார் மரண விசாரணையில். அந்த நிமிடமே இவரை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பயந்துபோய் நாயைக் கயிற்றில் பிடித்தபடிதான் வந்தார். மே மாதம் ஒருநாள் வாயிற்கதவருகே நின்று, மாடுகள் நெருங்கினால் என்ன செய்வது என்று என்னிடமே கேட்டார்.

"கயித்தக் கையில நாலு சுத்து சுத்திக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க" என்றேன்.

"நன்றிங்க, மிஸஸ் ஹார்லி. நீங்க என்கூடப் பேசுவீங்கன்னே நெனைக்கல."

இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். கன்று போட்ட மாடு பாய்வது நாயின் மேல்தான். கயிற்றை விட்டால் நாய் ஓடிவிடும், மாடுகள் அதன் பின்னால் போகும், மனிதன் பிழைத்துக்கொள்வான்.

அடுத்த ஞாயிறு காலை, பதினோரு மாடுகளைக் கன்றுகளோடு பாதை போகும் வயலுக்கு ஓட்டினேன். பெல்லமி வந்தார். சொன்னதை அப்படியே செய்தார். இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துவிட்டுத்தான் போனேன். கழுத்துப்பட்டை கழன்று நாய் தப்பித்திருந்தது. அவர் தப்பவில்லை.

உங்கள் போலீஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நேற்று, எங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் எஸ்டேட் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தார். ஆளைக் கொன்ற மாடுகள் இங்கே இருக்கக் கூடாதாம், வெள்ளிக்கிழமை பதினொன்றையும் சுட்டுவிடப் போகிறார்களாம். அதனால்தான் இந்த மழையில் உங்களைத் தேடி வந்தேன்.

மாடுகள் என்ன செய்யும் ஐயா, கன்றைக் காத்தன. அவரைக் கொன்றது நான். ஒரு பாவமும் அறியாத உயிர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.