அழைப்பவர் அண்ணன்

மட்டாஞ்சேரியிலிருந்து தேவரா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சுற்றுலா வழிகாட்டி வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கிறாளாம். மூத்தவள் மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"அந்த பாஷையில மேசை பொண்ணாக்கும் சேச்சி. பத்து பொண்ணுங்க நின்னா பொண்ணுங்களுக்கான வார்த்தை. ஒரே ஒரு ஆணு வந்து சேர்ந்தா, மொத்தப் பேருக்கும் ஆம்பளைங்க வார்த்தைதான்."

"இதைப் படிக்க ஸ்பெயின் வரைக்கும் போகணுமா? அம்மாவும் நாங்க மூணு பொண்ணுங்களும் வேலைக்குப் போய்த்தான் தங்கச்சி கல்யாணத்தை நடத்தறோம். பத்திரிகையில அழைக்கிறது யாரு? எங்க அண்ணன்."

"சேட்டன் திரும்பி வந்தாச்சா?"

"எங்க இருக்கான்னே தெரியல. கண்டுபிடிச்சா அவனுக்கும் ஒரு பத்திரிகை வைக்கணும்."