கண்ணாடி பூட்டின துவக்கு

மிச்சம் என்ற ஊரில் டிராம் ஏறி உட்கார்ந்ததும், முன் இருக்கையில் இருந்த பெரியவர் பக்கத்து நண்பரிடம் கேட்டார்: "என்ர துவக்கு எந்தப் பிரிவில வரும்?"

நல்லவேளை, அந்தப் பெட்டியில் அவர்களைத் தவிரத் தமிழ் விளங்கியது எனக்கு மட்டும்தான். அவர் சொன்ன துவக்கு, போட்டிகளில் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கி என்பது பிறகுதான் எனக்கும் விளங்கியது.

"வாங்கின மாதிரியே இருந்தால் சாதாரணப் பிரிவு, அண்ணை. நீங்கள் மேல குறிபார்க்கிற கண்ணாடி பூட்டியிருக்கிறியள். அதுக்குப் பிரிவு வேற."

"நான் மூக்குக்கண்ணாடி போட்டால்?"

"முகத்தில எத்தினையும் போடலாம். துவக்கில போட்டால்தான் பிரிவு மாறும்."

"அப்ப கழட்டிப்போட்டு வாறன்."

"கழட்டினால் இளம் பெடியளோட சுட வேணும். போன முறை பலகையை விட்டிட்டுச் சுவருக்கெல்லோ அடிச்சனீங்கள். கண்ணாடிப் பிரிவில இந்த முறை உங்களை விட்டால் ஆளில்லை."



"ஆளில்லாட்டியும் கப் தருவினமோ?"

"ஓம். முதலாமிடம் எண்டு அறிவிப்பினம்."

"எத்தினை பேர் சுட்டது எண்டும் சொல்லுவினமோ?"

"ஆரும் கேட்டால் சொல்லுவினம்."

அவர் உடனே வீட்டுக்குப் போன் எடுத்தார். "இஞ்சேரும், ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாரும். அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது."