இல்லை என்று சொல்ல ஒரு கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி நிர்வாகி அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்பு மகளே, அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு மாரடைப்பில் நம்மை விட்டுப் பிரிந்த நம் கணினி ஆசிரியைக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கேட்டியா டீச்சர்'. தோழியின் படத்தை யாராவது கைபேசியில் எடுத்துக் காட்டினால் போதும், "அவகிட்ட கேட்டியா?" என்பார். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

துணைத் தலைமை ஆசிரியர் என்ற முறையில் ஒருமுறை அவர் வகுப்பைப் பார்வையிடப் போனேன். அன்று என்ன பாடம் தெரியுமா? வேண்டாம் என்று சொல்லப் பழகுவது. "உன்னைப் போட்டோ எடுக்கட்டுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஏழு பேரும் நெளிந்துகொண்டே "எடுங்க டீச்சர்" என்றார்கள். "வேணாம்னு சொன்னா நான் கோச்சுக்க மாட்டேன், சொல்லிப் பாரு" என்றார். கடைசி பெஞ்சில் இருந்த என்னையும் விடவில்லை. நான் என்ன சொன்னேன்? "உங்க இஷ்டம் டீச்சர்." வகுப்பே சிரித்தது. "சாருக்கு ஹோம்வொர்க்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஒரு விளையாட்டுச் செயலியின் நிபந்தனைகளை வரிவரியாக வாசிக்க வைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. "கார் ஓட்டுற கேமுக்கு எங்க அம்மா நம்பர் எதுக்கு டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்ததாக என்னிடம் பூரித்துப் போய்ச் சொன்னார். பாடம் முடியவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் கொடுத்தவனும் நான்தான்.

இந்த மேஜையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். படம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னேன், பெரிதாக்கித் தந்தார்கள். அவர் மகளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இன்று உள்ளே நுழைந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "இந்தப் படத்துக்கு அம்மா ஒத்துக்கவே இல்லையே சார்."

உண்மைதான். வாசலில் ஆசிரியர்கள் முகத்தைக் காட்டி வருகை பதிந்தால் கதவு திறக்கிறதே, அந்த இயந்திரம் எடுத்த படம் இது. அவர் மாதக்கணக்கில் மறுத்தார். "எல்லாரும் பதிஞ்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எனக்காக நில்லுங்க டீச்சர்" என்று கெஞ்சியவன் நான். நின்றார். படத்தில் அவர் கண்கள் பக்கவாட்டில் பார்க்கின்றன. பக்கத்தில் நின்ற என்னைத்தான் பார்க்கின்றன.

திங்கட்கிழமை முதல் மாணவர்களின் முகங்களையும் பதியப் போகிறார்கள். பெற்றோருக்கான படிவம் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதில் ஒரே ஒரு கட்டம்: சம்மதிக்கிறேன். இறப்பதற்கு முந்தின நாள் டீச்சர் அதை என் முன்னால் வைத்து, "வேணாம்னு சொல்றவங்க எங்க சார் டிக் பண்ணுவாங்க?" என்று கேட்டார். "மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்றது?" என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். கையெழுத்துப் போட்டால் அந்தக் கேள்வி என்னை விடாது. போடாவிட்டால் வேலை என்னை விட்டுவிடும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பன்னிரண்டு நாட்களாக எலிப்பொறியில் அகப்பட்டவனாய் அந்தப் படிவம் கிடக்கும் என் மேஜையைச் சுற்றி வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதும்தான்.

நிர்வாகி அவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று காலை அளவுகோல் வைத்து அந்தப் படிவத்தில் இரண்டாவது கட்டம் ஒன்று வரைந்தேன். அதன் எதிரே 'சம்மதிக்கவில்லை' என்று எழுதினேன். அந்தக் கட்டம் இருந்தால்தான் கையெழுத்திடுவேன். பிள்ளைகளே, உங்கள் டீச்சரின் வகுப்பை இனி நான் எடுக்கிறேன். எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. ஹோம்வொர்க் பாக்கி இருக்கிறது, உங்களோடு உட்கார்ந்து முடித்துக்கொள்கிறேன்.

மகளே, கேட்கிறேன். இந்தப் படத்தைக் கவிழ்த்து வைக்கட்டுமா?

சரி என்கிறாள். கவிழ்த்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் அந்த இயந்திரத்துக்கு முகத்தைக் காட்டித்தான் வெளியே போக வேண்டும். வேறு வழி இல்லை. திங்கட்கிழமை காலை அது எனக்குக் கதவைத் திறக்குமா என்று தெரியவில்லை. திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பேன்: "உன்கிட்ட கேட்டாங்களா?"