கேட்டைத் திறந்தவள்

— கோவிச்சுக்காதீங்கக்கா. ஆபீஸ் வாசல்லயே கூப்பிட்டிருக்கணும். வாய் வரல. அப்படியே டிரேன் ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலயே வந்துட்டேன்.

— பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பூக்கடைய தாண்டினதுலருந்தே யாரோ ஒருத்தன் வர்றான்னு தெரிஞ்சுது. பேக்கைப் பறிக்க வர்றவனோன்னு நினைச்சேன். உள்ள ஒரு தண்ணி போத்தலும் முட்டிக்குத் தடவுற தைலமும்தான் இருக்கு. எடுத்துட்டுப் போறதுன்னா போகட்டும்னு நடந்தேன்.

— என் பேரு லியனார்ட். போன வியாழக்கிழமை...

— தெரியும் பாஸ். மஞ்ச வெஸ்ட், வெள்ள ஹெல்மெட், கையில ஒரு ஃபைலு. மேருல நான் காவலுக்கு நிக்கிற கரண்ட் சப்ஸ்டேஷனுக்கு வந்தீங்க. மெயின்டனன்ஸ்னு சொன்னீங்க. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். அதுக்குத்தான் இன்னைக்கு ஆபீஸ் மாடியில ரெண்டு மணி நேரம் விசாரணை. உட்காருங்க, கிள்ளான் டிரேனுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

— ரெண்டு மணி நேரமா விசாரிச்சாங்க?

— மூணு பேரு. ஏர்கோன வேற ஐஸ் மாதிரி வச்சிருந்தாங்க. ஒரே கேள்விதான், திருப்பித் திருப்பி. அடையாள ஐசி ஏன் கேக்கல, சூப்பர்வைசருக்கு ஏன் போன் பண்ணல, பன்னெண்டு வருஷமா கார்டு வேலை பாக்குறவ எப்படி ஏமாந்த?

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லல. சொன்னா எழுதிக்கவா போறாங்க? வெள்ளிக்கிழமை உங்க ரிப்போர்ட் வருமாம். அது வந்ததும் வேலை நீக்க லெட்டர் குடுத்துடுவாங்களாம். அதுவரைக்கும் வீட்டுல இரு சீதாலெட்சுமின்னுட்டாங்க. அதான் கதை.

— நான் திருடன் இல்லன்னு உங்ககிட்ட சொன்னாங்கதானே?

— சொன்னாங்க. கரண்ட் கம்பெனியே காசு குடுத்து ஆள் வைக்குமாம், திருடன் மாதிரி உள்ள நுழைஞ்சு பாருன்னு. எந்த கேட்டு திறக்குது, எந்த கார்டு தூங்குறான்னு பார்த்து எழுதிக் குடுக்கணுமாம். நல்ல வேலைலா அது.

— நல்ல வேலையெல்லாம் இல்லக்கா. ஆர்மியில பதினெட்டு வருஷம் இருந்தேன். வெளிய வந்ததும் இதுதான் கிடைச்சுது. உண்மையா சொல்றேன், நான் எந்த இடத்துக்குப் போனாலும் அங்க ஒரு கார்டுக்கு வேலை போகுது. கேமராவ ரிப்பேர் பண்ணாதவனுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. ஒத்த ஆள ரெண்டு ஷிப்டு நிக்க வச்சவனுக்கும் ஒண்ணும் ஆகுறதில்ல. கேட்டுல நின்னவங்கதான் மாட்டுறாங்க. நாலு வருஷமா சரியான தூக்கம் இல்ல.

— அதுக்கு மன்னிப்பு கேக்க வந்தீங்களா? கேட்டாச்சுன்னு வச்சுக்கோங்க. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல தம்பி. முகமெல்லாம் வேர்த்திருக்கு, இந்தாங்க தண்ணி.

— வேணாங்கா. மன்னிப்பு கேக்க மட்டும் வரல. உங்க வேலை போகாம இருக்க ஒரு வழி இருக்கு.

— இந்த வயசுல எனக்கு வழியெல்லாம் சொல்லாதீங்க, களைப்பா இருக்கு. சரி, சொல்லுங்க.

— உள்ள போறதுக்கு முன்னால கரண்ட் கம்பெனி எனக்கு ஒரு அனுமதி லெட்டர் குடுக்கும். இந்தத் தேதியிலருந்து இந்தத் தேதி வரைக்கும் சோதனை பண்ணலாம்னு. நேத்து ரிப்போர்ட்ட முடிக்க உட்காந்தப்பதான் அத ஒழுங்கா படிச்சேன். வெள்ளிக்கிழமையிலருந்துன்னு போட்டிருக்கு. நான் வியாழக்கிழமையே வந்துட்டேன்.

— ஒரு நாள் முந்தி.

— ஒரே நாள். வேற யாரும் கவனிக்கல. நானா போய்ச் சொன்னா, அந்த சோதனை செல்லாது. நடக்கவே இல்லன்னு அர்த்தம். நடக்காத சோதனையில நீங்க எப்படித் தோப்பீங்க? லெட்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, திங்கக்கிழமை பழையபடி போய் கேட்டுல நிக்கலாம்.

— உங்கள என்ன பண்ணுவாங்க?

— திட்டுவாங்க. கான்ட்ராக்ட்ட எடுத்தாலும் எடுப்பாங்க. பரவால்ல. ஒருத்தர் வேலையவாவது நான் திருப்பிக் குடுத்தேன்னு இருக்கட்டும்... என்னக்கா, சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்.

— அந்த ரிப்போர்ட்டுல என்னைத் தவிர வேற என்ன எழுதியிருக்கீங்க?

— கேமரா ஒண்ணு வேலை செய்யல. பின்பக்கம் லைட் எரியல. அப்புறம் இன்னொண்ணு இருக்கு, அது டெக்னிக்கல்.

— சொல்லுங்க. எனக்குப் புரியும்.

— அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்லருந்தும் அத சுத்தி இருக்குற இரும்பு வேலியிலருந்தும் மண்ணுக்குள்ள செம்புப் பட்டை இறங்கும்கா. எர்த். ஆறு இடத்துல அத அறுத்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. போட்டோ எடுத்து சிவப்புல போட்டிருக்கேன். உள்ள ஏதாவது பழுது வந்துச்சுன்னா வேலி முழுக்க கரண்ட் ஏறும். அந்த நேரம் யாராவது கைய வச்சிருந்தா...

— மூணு மாசம் பன்னெண்டு நாளு.

— என்னது?

— அத அறுத்துட்டுப் போயி மூணு மாசம் பன்னெண்டு நாள் ஆச்சு. என் ஷிப்டு இல்ல. உங்கள மாதிரியேதான், வெஸ்ட் போட்டுக்கிட்டு லோரியில வந்திருக்கானுங்க. காலையில நான் ரவுண்டு போனப்ப பார்த்தேன்.

— உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

— சும்மா இருந்தேனா? டியூட்டி புக்குல எழுதினேன் தம்பி. எங்க சூப்பர்வைசர் கிஷன் அந்தப் பக்கத்தையே கிழிச்சுட்டான். நம்ம காவல்ல இருக்கும்போது திருட்டுப் போச்சுன்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிடும், நாப்பது பேரு சோத்துல மண்ணு விழும்னான். மறுபடி எழுதினேன். மறுபடி கிழிச்சான். சரின்னு கரண்ட் கம்பெனி புகார் நம்பருக்கு நானே அடிச்சேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— அக்கவுன்ட் நம்பர் கேட்டா அந்தப் பொண்ணு. சப்ஸ்டேஷனுக்கு ஏது அக்கவுன்ட் நம்பர்? என் வீட்டு பில்லுல இருந்தத குடுத்தேன். உங்க வீட்டுல கரண்ட் இருக்கா மேடம்னா. இருக்குன்னேன். அப்ப பிரச்சினை இல்லையேன்னுட்டு, புது ரேட்ட பத்தி ஏதாவது விளக்கம் வேணுமான்னு கேட்டா.

— கடவுளே.

— அவளையும் குத்தம் சொல்ல முடியாது. அவ முன்னால இருக்குற கம்ப்யூட்டர்ல பில்லும் வீடும்தான் இருக்கும். வேலிக்கு அதுல எடம் இருக்காது.

— வேற யார்கிட்டயும் சொல்லலையா?

— வாணிகிட்ட சொன்னேன். மாசத்துக்கு ஒரு செவ்வாக்கிழமை புல்லு வெட்ட வருவா. முப்பது வயசு இருக்கும், வாய் ஓயாம பேசுவா. முதுகுல மெஷின தூக்கிக்கிட்டு வெயில்ல வெட்டி முடிச்சுட்டு, அந்த வேலியில சாய்ஞ்சுதான் சோறு சாப்பிடுவா. அங்க மட்டும்தான் நிழலு. சாயாத தாயின்னேன், காரணத்தையும் சொன்னேன். அடுத்த மாசம் வந்தா. எங்க பாஸ்கிட்ட கேட்டேன்கா, கார்டுக்கு என்ன தெரியும், நீ வேலையப் பாருன்னாருன்னு சொல்லிட்டு அதே எடத்துல சாய்ஞ்சா. ஈரப் புல்லு, ஈர சட்டை.

— அடுத்து வாணி எப்ப வருவாங்க?

— வர்ற செவ்வா. உங்க ரிப்போர்ட் போனா எத்தனை நாள்ல சரி பண்ணுவாங்க?

— சிவப்புல போட்டா மூணு நாள்ல பண்ணியே ஆகணும். மேலிடத்துல பெரிய ஆளு கையெழுத்துப் போடணும், தப்பிக்க முடியாது. வெள்ளிக்கிழமை போனா திங்கக்கிழமைக்குள்ள புதுப் பட்டை போட்டுடுவாங்க.

— சோதனை செல்லாதுன்னா?

— போட்டோவும் செல்லாது. அனுமதி இல்லாத நாள்ல எடுத்ததுன்னு அழிக்கச் சொல்லுவாங்க.

— நீங்க வாயால சொன்னா?

— நம்ப மாட்டாங்கன்னு இல்ல. பேப்பர்ல இல்லாத ஒண்ணுக்கு யாரும் செலவு பண்ண மாட்டாங்கக்கா.

— மறுபடியும் சோதனை வச்சா?

— அடுத்த வருஷம்தான்.

— அப்ப தேதிய பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க.

— அக்கா!

— கத்தாதீங்க, பக்கத்து பெஞ்சுல இருக்குற சீனக் கிழவர் திரும்பிப் பாக்குறாரு. நீங்க உள்ள வந்ததாவே இருக்கட்டும். நான் திறந்துவிட்டதாவே இருக்கட்டும்.

— உங்கள நீக்கினதோட விடமாட்டாங்க. லிஸ்டுல பேரு ஏத்துவாங்க. வேற எந்த கார்டு கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க. என்ன பண்ணுவீங்க?

— அம்பத்தி மூணு வயசுல பன்னெண்டு மணி நேரம் நிக்கிற வேலை போனா முட்டி அழுவாது தம்பி. செலாயாங் பாசார்ல என் மச்சான் வெங்காயக் கடையில ஆள் கேக்குறாரு. உட்காந்து பொறுக்குற வேலை. சம்பளம் கம்மி. நாத்தம் ஜாஸ்தி. பார்ப்போம்.

— என்னால முடியாதுக்கா. உண்மையா சொல்றேன், வெள்ளிக்கிழமை அத அனுப்ப என் கை வராது. உங்கமேல ஒரு தப்பும் இல்ல. பொய் பேரு, பொய் ஃபைலு, எல்லாம் என்னோடது. நம்பி திறந்தீங்க. ஏமாத்தினவன் நான், தண்டனை உங்களுக்கா?

— டிரேன் வருது. அந்தப் பேக்கைக் குடுங்க.

— பதில் சொல்லிட்டுப் போங்க. ஏமாந்தவங்க எதுக்குக்கா இத சுமக்கணும்?

— லியனார்ட் தம்பி, சோதனைக்கு ஆளு வருதுன்னு எங்க கார்டுங்களுக்குள்ள ஒரு வாரமாவே பேச்சு. மெயின்டனன்ஸ்னு வந்து இறங்கினீங்க, பூட்ஸ்ல ஒரு பொட்டு சேறு இல்ல. உள்ள வந்ததும் டாய்லெட் எங்கன்னு கேட்டீங்க. என் பூத்துக்குப் பின்னாலயே ஒண்ணு இருக்கு. அத விட்டுட்டு, பட்டை அறுத்த அந்த வேலிய ஒட்டியே கடைசி வரைக்கும் நடந்து போங்கன்னு உங்கள எதுக்கு அனுப்பினேன்னு நினைக்கிறீங்க?